டாக்டர் மரிய ஜோசப் காட்டிய தொண்டை

தேனிப் பக்கம் தொண்டை என்றால் டாக்டர் மரிய ஜோசப்தான். அனுமந்தன்பட்டிக்காரர், வாத்தியார் மகன். மதுரையில் படித்து, அங்கேயே பெரிய மருத்துவமனையில் கூப்பிட்டும் போகாமல் உத்தமபாளையத்துக்குத் திரும்பியவர். புற்றுநோய் தின்ற குரல்வளையை எடுக்க எல்லோரும் மதுரைக்கு ஓடிய காலத்தில், அதை இங்கேயே செய்துகாட்டினார். அவர் கத்தியால் பிழைத்தவர்கள் கூடலூர் முதல் வருசநாடு வரை இருக்கிறார்கள்.

அவர்களில் ஒருவர் சுருளியாண்டி. கம்பத்தில் காய்கறி ஏலம் கூறியவர். வாய் நிறையப் புகையிலையோடு நின்று லாரி ஹாரனை மிஞ்சிக் கூவுவார். குரல்வளையை எடுத்தபின் கழுத்தில் காசளவு துளை. மூச்சு அதன் வழியாக. பேச்சு போனது, வேலையும் போனது.

டாக்டர் அவருக்கு வேலை கொடுத்தார். புகையிலைக்கு எதிராகப் பள்ளி பள்ளியாகப் போய்ப் பேசுவது டாக்டரின் வழக்கம். மேடையில் சுருளியாண்டி நிற்பார். டாக்டர் கை காட்டியதும் கழுத்துத் துண்டை விலக்குவார். "இவரை ஏதாச்சும் கேளுங்க, பதில் வருதான்னு பார்ப்போம்" என்பார் டாக்டர். வடுகபட்டியில் ஒரு மாணவி மயங்கியே விழுந்தாள். "இதான் வேணும்" என்றார், காரில் திரும்பும்போது. பலனும் இருந்தது. பெற்றோர்களே சண்டை போட்டு, பள்ளியோரப் பெட்டிக்கடைகளில் புகையிலையை எடுக்கவைத்தார்கள்.

மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவே சின்ன வால்வு ஒன்றைப் பொருத்தினால், கழுத்துத் துளையை விரலால் மூடிக்கொண்டு பேசலாம். மற்ற நோயாளிகளுக்கு டாக்டர் அதைப் பொருத்திக்கொண்டுதான் இருந்தார். சுருளியாண்டி சைகையில் கேட்டால் மட்டும் "அடுத்த மாசம்ப்பா" என்பார். இப்படியே மூன்று வருடம் போனது. ஜூனியர் டாக்டர் அனிதா மேரி ஒருநாள் கேட்டேவிட்டார்.

"சார், சுருளிக்கு மட்டும் ஏன் தள்ளிக்கிட்டே போகுது?"

"அவன் பேசிட்டான்னா பிள்ளைக எதுக்கும்மா பயப்படும்? அட, பேசலாம்போலன்னு பாக்கெட்டைப் பிரிப்பானுக."

"அவருக்கு இதுல சம்மதமா சார்?"

"இல்லைன்னு அவன் இதுவரைக்கும் சொல்லலியே" என்று சிரித்தார் டாக்டர்.

போன தை மாதம் தேனியில் ஒரு கல்யாண மண்டபத்தில் டாக்டருக்குப் பாராட்டு விழா. சுருளியாண்டியையும் மேடையேற்றினார்கள். வேட்டி புதுசு, துண்டு புதுசு, எல்லாம் டாக்டர் செலவு. தலைமை தாங்கிய ஓய்வுபெற்ற நீதிபதி, விவரம் தெரியாமல் அவர் வாயருகே மைக்கை நீட்டி, "டாக்டரைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லுங்க" என்றார். கூட்டம் சிரித்தது. சுருளியாண்டி சிரிக்கவில்லை. ஒரு முழு வாக்கியத்துக்கு நிதானமாக உதடுகளை அசைத்தார். மைக்கில் ஒன்றும் வரவில்லை.

டாக்டர் மைக்கை வாங்கினார். "உயிர் கொடுத்த தெய்வம்னு சொல்றாரு." கைதட்டல்.

பெண்கள் பக்கத்திலிருந்து சுருளியாண்டியின் மனைவி மொக்கம்மாள் எழுந்தார். அந்த உதடுகளைப் பார்த்துப் பார்த்தே மூன்று வருடம் குடும்பம் நடத்தியவர்.

"பொய்யி! அவுக அப்படிச் சொல்லல. பேசுற வால்வை எப்பய்யா போடுவீகன்னு கேக்குறாக. ஊருக்கெல்லாம் போட்டீகல்ல, எம்புருசன் மட்டும் என்ன வேடிக்கை காட்டக் கட்டுன குரங்கா?"

"ஆத்தா, உக்காரு" என்றது ஒரு குரல். டாக்டரின் முகம் மாறவில்லை. "திங்கக்கிழமை கூட்டிட்டு வாம்மா" என்றார் மைக்கிலேயே. அதற்கும் கைதட்டினார்கள்.

சொன்னபடி செய்தார். காலையில் உள்ளே போன சுருளியாண்டி காபி நேரத்துக்குள் வெளியே வந்துவிட்டார். சில நாள் கழித்து, விரலை எப்படி வைப்பது என்று அனிதா மேரி சொல்லிக்கொடுத்தார். தகரம் உரசுவதுபோல் வந்தது குரல்.

"இம்புட்டு வேலைதானாய்யா இது?" என்றார் டாக்டரைப் பார்த்து.

"இம்புட்டுத்தான். நல்லாப் பேசுறயே" என்றார் டாக்டர். "நாளையில இருந்து நீ வர வேணாம்."

மதியம் வார்டு சுற்றும்போது, குரல்வளை எடுத்துப் படுத்திருந்த அஜய்குமாரின் கட்டிலருகே நின்றார். ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் டிரைவர். இளவயது, களையான முகம். கழுத்துக் கட்டுத்துணியை லேசாக விலக்கிப் பார்த்துவிட்டு, தோளைத் தட்டி, "வேலைக்கு என்ன பண்ணப்போற தம்பி?" என்று கேட்டார்.