கை பட்டுடுச்சும்மா

தனியாக வாழும் வயதானவர்கள் கழுத்தில் ஒரு பொத்தானை மாட்டியிருப்பார்கள். ஆபத்தென்றால் அதை அழுத்த வேண்டும். அழைப்பு அவள் வேலை பார்க்கும் அவசர உதவி மையத்துக்கு வரும். வீட்டிலிருக்கும் பெட்டி வழியாக அவள் பேசுவாள், தேவையென்றால் ஆம்புலன்ஸ் அனுப்புவாள். மூச்சு வாங்குவதை வைத்தே ஆள் பொய் சொல்வதைக் கண்டுபிடித்துவிடுவாள் என்பதால் அலுவலகத்தில் அவளுக்கு 'போலீஸ்' என்று பட்டப்பெயர். அந்தப் போலீசுக்குத் தன் வீட்டுத் திருடனைத்தான் பிடிக்கத் தெரியவில்லை.

அப்பா ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். அம்மா போன பிறகும் மகள் வீட்டுக்கு வரமாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். கெஞ்சிக் கூத்தாடி அவர் கழுத்தில் பொத்தானை மாட்டினாள். மேலாளரின் கையைக் காலைப் பிடித்து, அவர் அழைப்பு தன் இருக்கைக்கே வரும்படியும் செய்துகொண்டாள். பெற்ற மகளைவிட யார் கவனிக்கப்போகிறார்கள் என்ற நினைப்பு.

ஒருநாள் காலையில் அழைப்பு வந்தது.

"என்னப்பா ஆச்சு?"

"ஒண்ணுமில்லம்மா. கை பட்டுடுச்சு. நீ வேலையப் பாரு."

குரல் கம்மியிருந்தது. இப்போதுதான் எழுந்திருப்பார் என்று விட்டுவிட்டாள். சற்று நேரத்தில் மறுபடியும் அடித்தது. மறுபடியும் கை பட்டுவிட்டதாம்.

"இது என்ன விளையாட்டு சாமானாப்பா? இங்க எத்தனை பேர் உயிருக்குப் போராடுறாங்க!"

"தப்புதாம்மா. இனிமே தொடமாட்டேன்."

அந்தச் சொல் இன்றும் அவளைத் தூங்கவிடுவதில்லை. பாத்திரம் கழுவும்போதும் கேட்கிறது, பஸ்ஸில் போகும்போதும் கேட்கிறது.

பிறகு அவள் டீ குடிக்கப் போனாள். திரும்பியபோது பக்கத்து இருக்கைத் தோழி எழுந்து நின்றிருந்தாள்.

"ஆம்புலன்ஸ் அனுப்பிட்டேன்டி. உங்கப்பா கூப்பிட்டாரு, நான் எடுத்தேன். காலையிலேர்ந்து குளியலறையில விழுந்து கெடக்காராம். எம் பொண்ணுகிட்ட மட்டும் சொல்லாதீங்கன்னாரு."

அவசர சிகிச்சைப் பிரிவில் இடுப்பு முறிந்து கிடந்தார். ஈரத்தரையிலேயே கிடந்ததில் உடம்பு சில்லிட்டிருந்தது.

"எங்க வலிக்குது ஐயா?" என்றார் டாக்டரம்மா.

அப்பா மகளைப் பார்த்தார். சிரிக்கப் பார்த்தார்.

"அவ்வளவா ஒண்ணும் இல்லம்மா."

டாக்டரம்மா விவரமானவர். "நீங்க கொஞ்சம் வெளிய இருங்க" என்று அவளை அனுப்பிவிட்டுத் திரையை இழுத்தார்.

அதற்காகவே காத்திருந்தவர் போல அலறினார் அப்பா.

"தாங்க முடியலயே டாக்டர்! செத்துடுவேன் போலிருக்கே!"

உள்ளே ஓடப்போனவள் நின்றுவிட்டாள். தன் தலையைக் கண்டால் மனுஷன் வாயை மூடிக்கொள்வார். தன் குரல் கேட்டுவிடாமல் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். வலிக்கிறது என்று அப்பா சொல்லி அவள் கேட்டது அன்றுதான். அதுவும் ஒட்டுக்கேட்டுத்தான்.