சாமி கரையேறும் வரைக்கும்

மாசி மகத்துக்கு முதலியார்பேட்டையில் எங்கள் தெரு வழியாகத்தான் சாமி கடலுக்குப் போகிறது. மேளம் தெருமுனையில் கேட்டதும், முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றுவிட்டது.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது நாங்கள் கடலோரக் குப்பத்தில் இருந்தோம். ஒரு மகத்துக்குச் சற்று முன்னால் அப்பாவின் படகு கவிழ்ந்து கரை ஒதுங்கியது. அப்பா ஒதுங்கவில்லை. ஊரில் சாவு விழுந்தால் தீட்டு. வெளியூர்ச் சாமிகள் எங்கள் கரையில் தீர்த்தவாரிக்கு இறங்க முடியாது. பஞ்சாயத்தார் வீட்டுக்கு வந்தார்கள். அப்பாவின் சொந்தச் சித்தப்பாதான் வாசலில் நின்று பேசினார்.

“ஒடம்பு கெடைக்கிற வரைக்கும் அவன் கடல்லதாம்மா இருக்கான். சாமி கரையேறிப் போற வரைக்கும் அழுதுடாத.”

மகத்தன்று அத்தைகள் அம்மாவுக்கு மஞ்சள் பூசி, பெரிய பொட்டு வைத்து, தலை கொள்ளாமல் மல்லிகை வைத்தார்கள். கரையெல்லாம் பஜ்ஜிக் கடையும் பலூனுமாக இருந்தது. சாமிகளைத் தோளில் சுமந்து அலைக்குள் இறக்கினார்கள். அம்மா அந்தத் தண்ணீரைப் பார்த்தபடி தேங்காய்த் தட்டோடு நின்றாள். அவள் பிடித்திருந்த என் மணிக்கட்டு சிவந்துபோயிருந்தது.

பொழுது சாயும்போது கடைசிச் சாமியும் வண்டியேறியது. அப்பாவின் சித்தப்பா திரும்பி வந்து, “இனிமே அழும்மா” என்றார். பெண்கள் சுற்றி உட்கார்ந்து ஒப்பாரியைத் தொடங்கினார்கள். அம்மாவுக்கு அழுகை வரவில்லை. ஒருத்தி அவள் தோளைப் பிடித்து உலுக்கிக்கூடப் பார்த்தாள்.

இன்றைக்கும் மேளம் தேய்ந்து அடங்கியதும் அம்மா கேட்டாள். “சாமி போயிடுச்சா?”

“போயிடுச்சும்மா.”

கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு அடுத்த கீரைக் கொத்தை எடுத்தாள்.