மாடிக்குப் போன கூடையும் ரங்காச்சாரி சாமியும்

காலையில் கடையைத் திறந்து ஜரிகைக் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. சின்னக் காஞ்சிபுரத்திலிருந்து ரங்காச்சாரியின் தங்கை மகன். "மாமா, ரங்கு மாமா தூக்கத்துலயே போயிட்டார்." நம் ஊர்க் கோபுரங்கள் அத்தனையும் ஒரு முழம் சாய்ந்து நிமிர்ந்ததை என் கண்ணால் கண்டேன். மற்றவர்கள் காணாதது அவரவர் கண்ணின் குறை. நான் கேட்டது ஒன்றுதான்: "பக்கத்துல யார்னா இருந்தீங்களாப்பா?" "நான் இருந்தேன் மாமா" என்றான். அதன் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

ஏன் அப்படிக் கேட்டேன் என்பதை, அவரிடம் ரேடியோ ரிப்பேர் செய்துகொண்ட நீங்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

பிள்ளையார்பாளையத்தில் என் வீட்டு மாடியில் குடியிருந்த பிரம்மச்சாரி அவர். சிற்றலை ரேடியோவில் அவர் காதுக்குத் தப்பிய நாடு இந்தப் பூமியில் கிடையாது. ரஷ்யாக்காரன் வானத்தில் சுற்றவிட்ட விண்வெளி நிலையத்தின்மேல் அவருக்குத் தனிப் பிரியம். "மூணு பேர் மேல குடித்தனம் பண்றா, ஓய். சாப்பாடு, தண்ணி எல்லாம் கீழேர்ந்து கப்பல்ல போறது. ஓட்டறவன் கிடையாது. தானே போய் ஒட்டிக்கும்" என்பார். "ஆளு ஓட்டற பஸ்ஸே நம்ம ஊர்ல ஒழுங்கா வந்து நிக்கறதில்ல சாமி!" என்பேன் நான்.

தொண்ணூற்றேழு கோடையில் அவருக்கு அம்மை கண்டது. மாடிக் கதவில் வேப்பிலை செருகினோம். என் மனைவி பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தென்னேரிக்குத் தாய்வீடு போய்விட்டாள். "உங்களுக்கும் இதுவரிக்கும் வந்ததில்ல. மாடி ஏறினீங்க, நான் திரும்பியே வரமாட்டேன்" என்பது அவள் ஆணை. மதம் பிடித்த யானையைக் காதைத் திருகி அனுப்பக்கூடிய நான், அம்மைக்கு மட்டும் கொஞ்சம் பயப்படுவேன்.

ஆகவே மாடிக் கைப்பிடிச் சுவரில் கிணற்றுக் கப்பி ஒன்றைக் கட்டினோம். கஞ்சியும் இளநீரும் கூடையில் மேலே போகும். போய்ச் சேர்ந்ததும் அவர் சைக்கிள் மணியை அடிப்பார். எச்சில் இலைகள் அதே கூடையில் கீழே வரும். கொல்லையில் போட்டு எரிப்பேன். அவருக்கு ஒரே குதூகலம். "அங்கேயும் இதான் ஓய்! சாமானை எறக்கிண்டு குப்பையை ஏத்தி அனுப்பிடுவா. வர்ற வழியிலேயே எரிஞ்சுடும்."

ஒரு சாயங்காலம் மேலிருந்து குரல் வந்தது. அதில் குதூகலம் இல்லை. "ஓய், இடிச்சுடுத்து." ஒட்டிக்கொள்ளப் போன கப்பல் நிலையத்தின்மேலேயே மோதிவிட்டதாம். ஓட்டை விழுந்து காற்று வெளியேறுகிறதாம். ஒரு அறையின் கதவை அடைத்துவிட்டு மூன்று பேரும் மிச்ச இடத்தில் இருக்கிறார்களாம். சொல்லி முடிப்பதற்குள் நாலைந்து முறை இருமினார்.

மறுநாள் காலை கூடை மேலே போனது. மணி அடிக்கவில்லை.

அம்மன் வந்திருக்கும் வீட்டு வாசலில் நின்று பேர் சொல்லிக் கூவக்கூடாது என்பது எங்கள் தெரு வழக்கம். கயிற்றை ஆட்டினேன். கஞ்சி என் தலையில் கொட்டியது. அப்போதும் சத்தமில்லை. காலியான கூடை அந்தரத்தில் ஆடிக்கொண்டே இருந்தது. கயிற்றை விட்டுவிட்டு ஏறினேன். பாதிப் படியில் நின்றேன். திரும்பிவிடலாமா என்று பார்த்தேன். தெருவில் யாருமில்லை. மறுபடி ஏறினேன்.

வேப்பிலையை விலக்கிக் கதவைத் திறந்தால், அவர் பாயில் கிடந்தார். பங்க்சரான டியூப் போல மூச்சு சீறியது. கண் திறந்திருந்தது, என்னைப் பார்க்கவில்லை. "கதவைச் சாத்துங்கோ, காத்து போறது... சீக்கிரம் சாத்துங்கோ."

சாத்தினேன். நான் உள்ளே இருந்தேன்.

அவரைத் தூக்கி என் மார்பில் சாய்த்துக்கொண்டேன். மூச்சின் சீறல் சற்றுத் தணிந்தது. பிறகு ஜன்னல் வழியாக நான் போட்ட கூச்சலில் தெருத் தறிகள் அத்தனையும் நின்றன. பக்கத்து வீட்டுக்காரர் ஆட்டோவோடு வந்தார். அம்மை நுரையீரலில் இறங்கிவிட்டது, இப்போது எதுவும் சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

ஆஸ்பத்திரியில் வாயிலிருந்த குழாயை எடுத்து, அவர் பேசத் தொடங்கியதும் கேட்டது இதைத்தான்: "அடுத்த கப்பல் போச்சா?" தினமும் கேட்டார். எதையும் ஒன்பது மடங்காக்கிச் சொல்லும் இந்த வாய்க்கு அந்த முகத்தின் முன் ஒரு பொய் வரவில்லை. "இன்னும் இல்ல சாமி" என்பேன். கண்ணை மூடிக்கொள்வார். அதுவும் இடித்துவிட்டால் இவரும் போய்விடுவார் என்ற பயத்தில் தினமும் டீக்கடைப் பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் அதில் அந்தச் செய்தி இருந்தது. ஓடினேன். "ஒட்டிக்கிச்சு சாமி! ரிப்பேர் சாமானெல்லாம் போய் சேர்ந்துடுச்சு!"

"யோவ், இது ஆஸ்பத்திரி" என்று அதட்டினாள் நர்ஸ்.

அவர் மெதுவாகக் கேட்டார்: "இடிக்கலையே?"

"இடிக்கல சாமி."

"அப்போ எனக்குக் கஞ்சி கொண்டுவாரும்."

அவருடைய ரேடியோவைத் தங்கை மகன் எடுத்துக்கொண்டான், நியாயம்தான். எனக்கு அவர் விட்டுப்போனது ஒரு பழக்கம். தெரிந்தவர் வீட்டில் கூப்பிட்டுப் பதில் வராவிட்டால் கீழே நின்று யோசிப்பதில்லை, ஏறிவிடுகிறேன். பயம் போய்விட்டதா என்றால் இல்லை. ஒவ்வொரு கதவின் முன்னும் கை நடுங்குகிறது. நடுங்கும் கையாலேயே தள்ளித் திறக்கிறேன்.