காலனுக்கு நாற்பது

மைலுக்கும் கிலோமீட்டருக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொதுமக்களுக்கு எளிய தமிழில் விளக்கும் அரசாங்கத் துண்டறிக்கை ஒன்று எழுபதுகளில் வெளிவந்தது. அதை மொழிபெயர்த்தவன் நான். அதே வருடம், அந்த வித்தியாசம் மண்டையில் ஏறாததால் நடுவழியில் பெட்ரோல் தீர்ந்து நின்றவனும் நான்தான்.

அப்போது எனக்கு நாற்பத்தாறு வயது. மனைவி இறந்து ஒன்றரை வருடம். பிள்ளைகள் இல்லை. கோலாலம்பூர் குவார்ட்டர்ஸில் மாலை ஆறு மணிக்கு மேல் என் காதில் விழும் ஒரே மனிதக்குரல் பக்கத்து வீட்டு வானொலி என்று ஆனபிறகு, பினாங்குக்கு மாற்றல் கேட்டு வாங்கினேன். அங்கே அக்கா இருந்தார். ஆசிரியை வேலையிலிருந்து ஓய்வு பெற்றுத் தனியாக இருந்தவர். எனக்கென்று மிச்சமிருந்த ஒரே ஆள்.

புத்தியுள்ளவன் சாமான்களை லாரியில் அனுப்பிவிட்டு ரயிலேறியிருப்பான். நான் பழைய கேம்பர் வேன் ஒன்றை வாங்கினேன். ஐரோப்பாவிலிருந்து தரைவழியாகவே அதில் வந்து சேர்ந்த ஒரு வெள்ளைக்கார ஜோடி, விமானத்தில் ஊர் திரும்புவதற்காக விற்றது. உள்ளே மடக்குக் கட்டில், சின்ன அடுப்பு, இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட ஒரு மேசை. இரண்டு பேர் என்பதை வாங்கும்போது நான் கவனிக்கவில்லை.

ஸ்டீயரிங் இடது பக்கம். நம் சாலையில் அப்படி உட்கார்ந்து ஓட்டினால், முன்னால் போகும் லாரியைத் தாண்டும்போது எதிரே என்ன வருகிறதென்று தெரியாது. வலது பக்கம் இருப்பவர் எட்டிப் பார்த்து "போ" என்று சொல்ல வேண்டும். அந்த ஜோடி அப்படித்தான் பாதி உலகத்தைக் கடந்திருக்கிறது. என் வலது பக்கத்தில் கலைக்களஞ்சியத்தின் பன்னிரண்டு தொகுதிகள் ஒரு பெட்டியில் இருந்தன. அவற்றில் எல்லாம் இருந்தது, எதிரே வண்டி வருகிறதா என்பதைத் தவிர.

பெட்ரோல் முள் செத்துப்போய் எப்போதும் நிறைவையே காட்டியது. அந்த வேனில் மனநிறைவோடு இருந்தது அது ஒன்றுதான். ஆகவே நானே சோதித்தேன். டாங்கியை நிரப்பி, இரண்டு ஞாயிற்றுக்கிழமை சுற்றிவிட்டு, மறுபடி நிரப்பி, ஓடிய தூரத்தை மீட்டரில் பார்த்தேன். ஒரு காலன் பெட்ரோலுக்கு நாற்பது மைல். ஆபீசில் எல்லாரிடமும் சொன்னேன். யாரும் நம்பவில்லை, பொறாமை என்று எடுத்துக்கொண்டேன். பினாங்கு இருநூற்று நாற்பது மைல். ஆறு காலன் போதும், டாங்கியில் ஒன்பது. மணிக்கு அறுபதில் போனால் நாலு மணி நேரம். தீவுக்குக் கடலைக் கடக்கும் ஃபெரிக்கு ஒரு மணி நேரம்.

அக்காவுக்குப் போன் செய்தேன்.

"காலைல ஏழு மணிக்குக் கெளம்புறேன்க்கா. சரியா பன்னெண்டு மணிக்கு ஃபெரி வந்து நிக்கிற ஜெட்டில நில்லுங்க. டவுனுக்குள்ள வலது பக்கம் பாத்துச் சொல்ல ஆள் வேணும்."

"பன்னெண்டா?"

"பன்னெண்டு. கணக்குப் போட்டுட்டேன்."

"சரிலா," என்றார்.

வழி பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும் என்பது பாதிக் காரணம்தான். ஃபெரியிலிருந்து இறங்கும்போது எனக்காக யாராவது நிற்க வேண்டும் என்றிருந்தது.

வழியெல்லாம் வேகமானியின் முள் அறுபதைத் தொட்டுக்கொண்டே இருந்தும், பஸ், லாரி, கோழி ஏற்றிய ஒரு வேன் வரை எல்லாம் என்னைத் தாண்டிப் போயின. இந்த நாட்டில் வேகக் கட்டுப்பாட்டை யாரும் மதிப்பதில்லை என்று கலைக்களஞ்சியத்திடம் சொன்னேன். ஒன்பதே காலுக்கு வரவேண்டிய ஈப்போ பதினோரு மணிக்கு வந்தது. கைக்கடிகாரத்தைச் சந்தேகித்து, காப்பிக் கடைக்காரரிடம் மணி கேட்டேன். அவருடையதும் கெட்டுப்போயிருந்தது.

ஒன்றரை மணிக்கு, சிம்பாங் அம்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால், வேன் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. நல்ல மழை. செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று ஓரங்கட்டி, டிரைவர் தலையில் துண்டோடு இறங்கி வந்தார்.

"என்னாண்ணே, எண்ணெ முடிஞ்சிருச்சா?"

"வாய்ப்பே இல்ல. காலனுக்கு நாப்பது மைல் குடுக்கும்."

"நாப்பதா? அப்ப நான் லாரிய வித்துட்டு இத வாங்கிக்கிறேன்." ஒரு குச்சியை டாங்கிக்குள் விட்டு எடுத்தார். காய்ந்தபடியே வந்தது. பிறகு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, மீட்டர் கண்ணாடியின் அழுக்கைக் கட்டைவிரலால் துடைத்தார்.

"அண்ணே, இங்க கே.எம். போட்டிருக்கு. இது கிலோமீட்டர்லா. கவர்மென்டு இப்பதான் தமிழ்லயே நோட்டீஸ் அடிச்சுக் குடுத்துச்சு. எங்க தோட்டத்துல கூட ஒட்டியிருக்கான். நீங்க பாக்கலியா?"

"பாத்தேன்," என்றேன்.

அவரே என்னைப் பெட்ரோல் ஸ்டேஷனுக்கு ஏற்றிப்போனார். அங்கிருந்து அக்காவுக்குப் போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. அப்படியென்றால் ஜெட்டியில்தான் நிற்கிறார். இரண்டு மணி நேரத்துக்கு மேலாக, இந்த மழையில், அவருடைய முட்டிவலியோடு. அதற்குப் பிறகு ஃபெரி ஏறும் பட்டர்வொர்த் வரை கலைக்களஞ்சியத்திடம்கூட நான் பேசவில்லை.

ஃபெரி கரையை நெருங்கும்போது குடை பிடித்தவர்கள் எல்லாரும் அக்காவாகத் தெரிந்தார்கள். நெருங்க நெருங்க ஒவ்வொருவராக வேறு யாரோ ஆனார்கள். வேனை ஓரமாக நிறுத்திவிட்டு, பஸ் நிற்கும் இடத்தையும் கார்கள் வெளியேறும் வழியையும் இரண்டு முறை சுற்றினேன். ஓர் அரை மணி நேரம் அங்கேயே நின்றேன். யாருக்காகவோ காத்திருப்பவனைப் போலத்தான் இருந்திருப்பேன். பிறகு வலது பக்கம் என்ன இருக்கிறதென்று தெரியாமலே, ஹாரனை மட்டும் நம்பி, சூலியா தெருவை நத்தை வேகத்தில் கடந்தேன்.

வீட்டுக் கதவு திறந்திருந்தது. அக்கா பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்துக்கொண்டிருந்தார். குடை சுவரில் காய்ந்த நிலையில் தொங்கியது. மேசையில் இன்னொரு கோப்பை கவிழ்த்து வைத்திருந்தது.

"எவ்வளவு நேரம்க்கா நின்னீங்க?"

"எங்க?"

"ஜெட்டில."

பிஸ்கட் உடைந்து விழுந்துவிடாமல் வாயில் போட்டுக்கொண்டு, மென்று முடித்து, அக்கா சொன்னார்: "நான் எங்க போனேன்? நீ கணக்குப் போட்டுட்டேன்னு சொன்னப்பவே தெரியும்லா, சாயங்காலம்தான் வருவேன்னு. சாப்பிட்டுட்டுத் தூங்கிட்டேன்."