தலைகீழா நிக்கிற பாதி

பின்ன என்னட்டி, அந்தக் கேமரா சார் மூஞ்சிக்கு நேராவே சொல்லிட்டேன். "வெட்டித்தான் மாட்டணும்னா எம் படமே வேண்டாம் சார்"னு. நீ சுவருக்கு அந்தப் பக்கம் நின்னு பாதிதான் கேட்டிருப்ப. இங்கன உக்காரு, முழுசையும் சொல்லுதேன்.

எம்மவன் போன் வாங்கிக் குடுத்தது அவன் மூஞ்சிய நான் பாக்கதுக்கு. எழுத்துதான் எனக்குத் தெரியாதே, படம் எடுக்குத எடத்த மட்டும் பேத்தி விரலப் பிடிச்சுக் காட்டிட்டுப் போனா. மொதல்ல நம்ம மாட்ட எடுத்தேன். அது ஈ விரட்டிக்கிட்டே நின்னுச்சா, படத்துல வாலே இல்லாத மாடா வந்துட்டு! நாலு நாளைக்கு நெனச்சு நெனச்சுச் சிரிச்சேன்.

பெறகுதான் குளத்தடி வயலுக்குப் போனேன். ஐப்பசி மாசப் பிசான நடவுக்கு உழுது தண்ணி கட்டிப் போட்டிருந்தாவ. விடிஞ்சு காத்து எழும்புததுக்கு முந்தி அந்தத் தண்ணி அசையவே அசையாது. அதுல குச்சிக்குச்சியா செவந்த காலோட ஒரு குருவி நிக்கும் பாரு, அதத்தான் எடுக்கணும்னு ஆச. சார் அதுக்குப் பவளக்கால் உள்ளான்னு பேர் சொன்னாரு. பேர் நல்லாத்தான் இருக்கு.

அவரு பாளையங்கோட்டையில இருந்து வாராரு. பள்ளிக்கூடத்துல பறவைப் படமா மாட்டப் போறாராம். எல போட்ட சட்டை, எல போட்ட தொப்பி, மொழ நீளத்துக்குக் கேமரா. வரப்புல ஒரு காலு வச்சாரு பாரு, அம்புட்டும் பறந்துட்டு.

"ஆச்சி, ஒங்களுக்கு மட்டும் குருவி எப்படி நிக்குது?"ன்னு கேக்காரு.

"அதுக்கு ஒங்க எலைய எங்க தெரியும் சார்? நாத்து நடுத பொம்பளையத்தான் தெரியும்"னேன்.

நெசந்தானட்டி. நாம குனிஞ்சு நட்டுக்கிட்டே பின்னாலதான போவோம்? நானும் சேலையத் தூக்கிச் சொருவிக்கிட்டு, நாத்து இல்லாமலே நடுத மாதிரி குனிஞ்சு, குருவிக்கு முதுகக் காட்டிக்கிட்டே பைய பையப் போனேன். ரோட்டுல போனவன் ஒருத்தன், "ஏ கெழவி, நாத்த வீட்டுல வச்சுட்டு வந்துட்டியா?"ன்னு கத்துதான். "ஒன் வாயில வச்சிருக்கேன்லே, போ"ன்னேன். குருவி அசையல. பத்து எட்டுக்குப் பக்கத்துல போயித் திரும்புனேன். நான் கலக்குன தண்ணி அடங்கணும்லா? ஒரு வெத்தல போட்டு மெல்லுத நேரம் மூச்ச அடக்கிக்கிட்டு நின்னேன்.

தண்ணி அடங்குச்சு. கீழ இன்னொருத்தி தலைகீழா நிக்கா! மேல உள்ள காலும் கீழ உள்ள காலும் ஒண்ணா ஒட்டி ஒரே நெடுங்காலு. போனப் படுக்கப் பிடிச்சா ரெண்டு பேரும் கொள்ளல. நெட்டுக்குத்தா பிடிச்சேன். அது பூச்சி கொத்தக் குனிஞ்சுது. மேல உள்ளவ அலகும் கீழ உள்ளவ அலகும் தண்ணி மேல தொட்டுச்சு. அமுக்கிட்டேன்.

சார் எங்க வீட்டுத் திண்ணையில உக்காந்து போன வாங்கிப் பாத்தாரு. பெறகு சொல்லுதாரு, "நல்லாருக்கு ஆச்சி. ஆனா எங்க சட்டமெல்லாம் படுக்க வாட்டம். கீழ்ப்பாதி வெறும் நெழல்தான? வெட்டிட்டுக் குருவிய மட்டும் பெருசாக்கி மாட்டுதேன்."

"கீழ்ப்பாதி போச்சுன்னா மேல்பாதி எதுல சார் நிக்கும்?"

"வெட்டலைன்னா மாட்ட எடம் இல்லையே."

"அப்ப மாட்டாதீங்க."

சார் அவன்கிட்டச் சொல்லிட்டாரு போல, சாயந்தரமே எம்மவன் போன் போட்டுட்டான். "எம்மா, பெரிய மனுசர் கேக்காரு. பாதியாவது தொங்கட்டுமே."

"ஏலே, எங் கல்யாணப் படத்த எடுத்துப் பாரு. ஒங்கப்பா முழுசா நிக்காரு, நான் ஓரத்துல பாதிதான் இருக்கேன். படம் பிடிச்சவனுக்கு நான் கண்ணுலயே படல. அம்பது வருசமா அந்தப் பாதியத்தான் பாக்கேன். என் கையால எடுத்தது ஒண்ணாவது முழுசா இருக்கட்டும்"னேன். அவன் இருமுதான். அவுக அப்பாவும் இப்படித்தான், வாதத்துல தோத்தா இருமுவாரு.

நேத்து சேரன்மாதேவி போட்டோக் கடைக்குப் போயி படத்த முழுசா போட்டுக் கண்ணாடி மாட்டி வாங்கிட்டேன். கடைக்காரத் தம்பியும் "கீழ வெட்டிரவா பாட்டி?"ங்கான். நான் பாத்த பார்வையில கத்திரிய மேசைக்குள்ள போட்டுட்டான்.

பள்ளிக்கூடத்துல மூணு நாளு மாட்டிட்டுக் கழட்டிருவாவ. நம்ம பால் சொசைட்டியில விடிய ஒருக்கா, அந்திக்கு ஒருக்கா ஊரே தூக்குவாளியோட வந்து நிக்கும். அளக்குத எடத்துக்கு மேல வெறுஞ் சுவராத்தான கெடக்கு? அங்கன ஆணி அடிக்கச் சொல்லியாச்சு. சாரும் வேணும்னா வந்து பாக்கட்டும், நெட்டுக்குத்தாத்தான் தொங்கும்.

அந்தா, மாடு கத்துது பாரு. கன்னுக்குட்டி அவுந்துக்கிட்டோ என்னமோ, பால் பூராத்தையும் குடிச்சிரும். ஏட்டி, அந்தச் செம்ப எடு, கறந்துக்கிட்டு அப்படியே சொசைட்டிக்குப் போவோம். படத்த நீ தூக்கிக்கோ, கண்ணாடி பத்தரம்.