பூவரசுக் குடுவையில் ஓர் ஓட்டை

எங்கள் வீட்டுக் கூடத்தில், டி.வி.க்குப் பக்கத்தில் ஒரு மரக் குடுவை இருக்கிறது. பூவரசில் கடைந்தது. ஒரு சாண் உயரம், பானை போல வயிறு, இரண்டு விரல் மட்டும் நுழையக்கூடிய குறுகிய வாய். வாய்க்குக் கீழே, தோள் வளையும் இடத்தில், கட்டைவிரல் போகிற அளவுக்கு ஓர் ஓட்டை. வருகிறவர்களில் பாதிப் பேர் அதை வேலைப்பாடு என்று நினைத்துக்கொள்கிறார்கள். வண்டு குடைந்ததா என்று கேட்டவரும் உண்டு. "எங்க அக்கா வீட்டுக்காரர் கடைஞ்சது" என்று சொல்லிவிட்டு என் மனைவி காபி போடப் போய்விடுவாள். வெகுகாலம் நானும் அதற்கு மேல் வாயைத் திறந்ததில்லை.

என் மனைவிக்கு அக்கா வீட்டுக்காரர் என்றால் எனக்குச் சகலை. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர். எங்கள் ஊரில் இப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்பார்கள். நான் மில்லில் லேத் ஓட்டி, மில் மூடியதும் உழவர்கரையில் ஒற்றை லேத்தோடு பட்டறை போட்டவன். ஒரே வீட்டில் பெண் எடுத்த இரண்டு ஆண்களை ஊர் சும்மா விடாது. மாமனார் வீட்டு விசேஷங்களில் அவருக்கு நாற்காலி, எனக்குப் பந்தி விசாரிக்கிற வேலை. அவர் மேல் குற்றம் இல்லை, நல்ல மனிதர். ஆனாலும் எனக்கு உள்ளுக்குள் எரியும். இப்போது சொல்வதில் வெட்கமில்லை.

ஊருக்கு வந்தபின் அவர் பொழுதுபோக்காக மர லேத் ஒன்று வாங்கினார். வீட்டின் பின்கட்டில், பழைய சமையற்கட்டில் அதை நிறுத்தினார். கிண்ணம், மெழுகுவர்த்தித் தண்டு என்று கடைந்து, கோயிலுக்கும் உறவுக்கும் கொடுப்பார். அந்த நாட்களில் ஒருமுறை கொக்கி போல வளைந்த உளியால் ஒரு கிண்ணத்தின் உட்புறத்தைக் குடையும்போது, உளி மரத்தில் மாட்டிக்கொண்டு முறுக்கியது. வலது மணிக்கட்டு முறிந்தது. பிளேட் வைத்துத் தைத்தார்கள். இன்னொரு முறுக்கல் வந்தால் அந்தக் கை கரண்டி பிடிக்கக்கூட உதவாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அதே வருடம் நெல்லித்தோப்பில் எங்கள் மாமனார் வீட்டுப் பூவரசு புயலில் சாய்ந்தது. அக்காவும் தங்கையும் அந்த மரத்துப் பூவைப் பறித்து விளையாடி வளர்ந்தவர்கள். வீடும் விலை பேசியாயிற்று. அடிமரத்தில் ஆளுக்கு ஒரு துண்டு என்று இரண்டு துண்டு அறுத்து, வெடிக்காமலிருக்க முனைகளில் பெயிண்ட் அடித்து என் பட்டறையில் காய வைத்தேன். தன் பங்கில் மனைவிக்கு ஒரு குடுவை கடைய வேண்டும் என்று சகலைக்குப் பிடிவாதம். வெளியே கடைவது அவருக்குப் பிரச்சினை இல்லை. குறுகிய வாய் வழியாக, கண்ணுக்குத் தெரியாத வயிற்றைக் குடைவதுதான் கையை வாங்கும். எதை வைத்துக் குடைவது என்று என்னிடம் கேட்டார். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் என்னிடம் ஒன்று கேட்கிறார். இரண்டு வாரம் நான் வேறு வேலை பார்க்கவில்லை.

மூன்று வழி இருந்தது. நீளப் பிடி போட்ட வளைந்த கம்பியை என் பட்டறையிலேயே அடித்துவிடலாம். ஆனால் முறுக்கு முழுதும் மணிக்கட்டுக்குத்தான் போகும். இரண்டாவது, கம்பியின் பின்பகுதியை ஓர் இரும்புச் சட்டத்துக்குள் நுழைத்துத் தள்ளுகிற ஏற்பாடு. முறுக்கைச் சட்டம் வாங்கிக்கொள்ளும். ஆனால் லேத்துக்குப் பின்னால் ஆள் நிற்க நாலடி இடம் வேண்டும். சமையற்கட்டில் அந்த இடத்தில் சுவர். மூன்றாவது, முழங்கைபோல மடங்குகிற மூட்டுகள் வைத்த ஆர்ம். அது முறுக்கவே விடாது. ஒரு விரலால் தள்ளினாலும் இடம் வலமாகப் போய்வரும். குடுவைக்கு மேலே ஒரு லேசர் விளக்கும் உண்டு. கம்பி முனையில் மாட்டிய கட்டரின் நுனிக்கு இத்தனை தள்ளி என்று விளக்கை முதலில் வைத்துக்கொண்டால், சிவப்புப் புள்ளி குடுவையின் முதுகில் ஓடிக்கொண்டிருக்கும். புள்ளி விளிம்பைத் தாண்டி விழுந்தால் சுவர் போதுமான அளவு மெலிந்துவிட்டது, நிறுத்து என்று அர்த்தம்.

சகலைக்கு அது பிடிக்கவில்லை. "மரம் என்னா சொல்லுதுன்னு கை கேக்கணும் சகலை. இதுல மெஷின்தான கேக்கும்" என்றார். "கேக்கறதுக்குக் கை மிச்சம் இருக்கணும்ல" என்றேன். சிரித்துவிட்டு ஒத்துக்கொண்டார். ஆகஸ்டில் வக்கான்ஸ் என்று விடுமுறைக்கு வந்த அவர் மகள், பிரான்சிலிருந்து ஆர்மைப் பிரித்துத் துணிகளுக்கு நடுவே சுற்றிப் பெட்டியில் கொண்டுவந்தாள். அப்பாவின் இரும்புக்காகத் தன் பிள்ளைகளின் சட்டைகளை விட்டுவிட்டு வந்ததாகப் புலம்பினாள். ஆர்மைத் தாங்கும் தண்டை அவர் லேத்தின் உயரத்துக்கு நானே கடைந்து கொடுத்தேன். இம்மி பிசகாமல் உட்கார்ந்தது.

குடைந்த அன்று காலை நானும் பக்கத்தில் இருந்தேன். வயிறு நன்றாக வந்துவிட்டது. தோள் மட்டும் பாக்கி. லேத்தை நிறுத்திவிட்டு, கம்பியை வெளியே எடுத்து வைத்து, கண்ணில் தூசி என்று முகம் கழுவப் போனார். நான் கட்டரைப் பார்த்தேன். தோளுக்கு எட்டாத கோணத்தில் இருப்பதாகப் பட்டது. லேத்காரன் கை சும்மா இருக்காது. திருகைத் தளர்த்தி, கட்டரைக் கொஞ்சம் வெளிப்பக்கமாகத் திருப்பி, மறுபடி இறுக்கினேன். இரும்பில் நாற்பது வருடம் செய்த வேலை. அங்கே கட்டர் கண்ணெதிரே இருக்கும், தொட்டுப் பார்த்துத்தான் வெட்டுவோம். இங்கே கட்டரைத் திருப்பினால் விளக்கையும் மாற்றி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் புள்ளி பழைய இடத்தையே காட்டும். அது எனக்குத் தெரியும். அவருக்கே நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அந்த நேரத்தில் தோன்றவில்லை.

அவர் வந்து கம்பியை உள்ளே விட்டு லேத்தை ஓட்டினார். சிவப்புப் புள்ளி குடுவையின் மேல் நன்றாக உள்ளே தள்ளி நின்றது. அதை நம்பித் தள்ளினார். மரத்தின் சத்தம் மெலிந்ததைக் கேட்டு உடனே நிறுத்தினார். இன்னும் ஒரு நொடி போயிருந்தால் கழுத்தே கழன்றிருக்கும். அதற்குள்ளேயே தோளில் ஓட்டை விழுந்து வெளிச்சம் தெரிந்தது. அவர் ஓட்டையைப் பார்க்கவில்லை. வலது கையை விரித்துப் பார்த்தார்.

"கைதான். நடுங்கிடுச்சு" என்றார்.

நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அந்த ஆர்மைத் தேர்ந்தெடுத்தது நான், தண்டைக் கடைந்தது நான், ஒரு மாதமாகச் சொந்தக்காரர்கள் மத்தியில் அதைப் பற்றிப் பீற்றிக்கொண்டதும் நான். வாய் வரவில்லை. "வயசுன்னா அப்படித்தான்" என்று வேறு சொல்லித் தொலைத்தேன்.

அதோடு அவர் லேத் பக்கம் போவதை விட்டுவிட்டார். பழைய திரைச்சீலையால் அதை மூடினார். காலையில் பிரெஞ்சுச் செய்தி பார்ப்பார், மாலையில் பீச்சில் நடப்பார். ஷேவ் செய்யக்கூட இடது கையைப் பழக்கிக்கொண்டிருப்பதாக அவர் மனைவி போனில் சொன்னார். அதைக் கேட்டும் நான் சொல்லவில்லை. நாளை, நாளை என்று தள்ளிப்போட்டேன்.

பொங்கல் கழிந்ததும் அவரே கூப்பிட்டார். "லேத்த நீ எடுத்துக்க சகலை. எனக்கு எதுக்கு இனிமே. ஒரு வண்டி வச்சிக்கினு வா." மினி வேன் எடுத்துக்கொண்டு போனேன். டிரைவர் கயிற்றை அவிழ்த்துத் தயாராக நின்றான். சகலை திரைச்சீலையை எடுத்து மடித்தார். அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை.

"உங்க கை நடுங்கல. நீங்க மூஞ்சி கழுவப் போனப்ப கட்டர நான் திருப்பி வச்சேன். லேசர மாத்தல."

சகலை மடித்த திரைச்சீலையை லேத் மேலேயே வைத்தார். "அன்னிக்கே தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"அஞ்சு மாசம்" என்றார். வலது கையை என் முன்னால் நீட்டினார். "அஞ்சு மாசமா நான் இதத்தான் திட்டிக்கினு கெடக்கறேன். என்கிட்ட சொல்லாத. இதுகிட்ட சொல்லு."

கிண்டல் இல்லை. கை அப்படியே நின்றது, கொஞ்சமும் ஆடவில்லை. நான் அந்த மணிக்கட்டைப் பிடித்தேன். தோலுக்கு அடியில் பிளேட்டின் விளிம்பு விரலுக்குத் தட்டுப்பட்டது. மன்னிச்சுக்க என்று சொன்னேன். வேனை வெறுமையாகத் திருப்பிக்கொண்டு வந்தேன். இரண்டு வாரம் அவர் என் போனை எடுக்கவில்லை. மூன்றாவது வாரம் என் பங்குப் பூவரசுத் துண்டைத் தூக்கிக்கொண்டு போய் அவர் வாசலில் வைத்தேன். "அப்ப உன் பொண்டாட்டிக்கு என்னா?" என்று கேட்டார். அந்த ஓட்டைக் குடுவையை எங்களுக்குக் கொடுங்கள் என்றேன். கொடுத்தார். "யாராச்சும் கேட்டா என் கையால ஆச்சுன்னு மட்டும் சொல்லாத" என்றார்.

என் துண்டில் அவர் கடைந்த குடுவை இன்றும் அவர் மனைவியின் அறையில் இருக்கிறது. சுவர் முழுதும் ஒரே கனம். அதே ஆர்ம், அதே கை. அதற்குப் பிறகும் நிறையக் கடைந்தார். அவர் போய் மூன்று வருடம் ஆகிறது. அவர் இருந்தபோதும் போன பிறகும், ஓட்டையைப் பற்றிக் கேட்டவர்களிடம் நான் சிரித்து மழுப்பியே வந்தேன். கைதான் காரணம் என்று சொல்லவில்லை, உண்மையையும் சொல்லவில்லை.

போன மாதம் அரியாங்குப்பத்திலிருந்து வந்த ஒரு சொந்தக்காரர் குடுவையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். வழக்கமான பதிலைச் சொல்லிவிட்டு என் மனைவி உள்ளே போனாள். "கடைஞ்சது அவரு. ஓட்ட போட்டது நான்" என்றேன். காபியோடு வந்தவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"என்னா சொன்னீங்க?"

முதலிலிருந்து சொன்னேன்.