போர்வை நுனியைச் சுருட்டிய கை

ஜோக்கர் என்றதும் சிரிக்க வைக்கிற ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். சீட்டாட்டத்தில் எந்த வரிசையிலும் போய் ஒட்டிக்கொள்ளுமே ஒரு சீட்டு, அந்த ஜோக்கர். நாடகக் கம்பெனி முதலாளி தன் நடிகர் ஒருவருக்கு வைத்த பெயர் அது. ராஜா வேஷக்காரருக்குக் காய்ச்சலா, இவர் ராஜா. கதாநாயகியின் தாயாக நடிப்பவர் வரவில்லையா, மீசையை மழித்துக்கொண்டு இவரே தாய். சினிமாவுக்குப் போன பிறகும் அதே கதைதான்: போலீஸ், குடிகாரன், நீதிபதி, பிணம். பிணமாகக்கூட என்னமாய் நடித்தார் தெரியுமா, மூச்சு விடுகிறாரா என்று பக்கத்தில் இருப்பவர்களுக்கே சந்தேகம் வந்துவிடும்!

இதையெல்லாம் யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. பஸ்ஸில், காய்கறிக் கடையில், ஆஸ்பத்திரி வராந்தாவில் எவரைப் பார்த்தாலும் அவர்கள் நடையையும் முகக்கோணலையும் கண்ணாலேயே வாங்கி வைத்துக்கொள்வார். வேண்டியபோது எடுத்து விடுவார்.

"இந்த மனுஷன் முன்னாடி கொட்டாவி விடக்கூட பயமா இருக்குடி. அடுத்த மாசம் மேடைக்கு வந்துடுது" என்பாள் மனைவி, மகளிடம். மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள். அந்த வீட்டில் சிரிப்புக்குப் பஞ்சமில்லாத காலம் அது.

பிறகு மனைவி படுத்த படுக்கையானாள். பேச்சு போயிற்று. வலது கை மட்டும் போர்வையின் நுனியைத் தேடிப் பிடித்துச் சுருட்டும், விடும், மறுபடி சுருட்டும். ஒவ்வொரு மூச்சுக்கும் முன்னால் புருவம் லேசாக உயரும், ஏதோ கேட்க வருகிறவள் மாதிரி. மகள்தான் துடைத்துவிட்டாள், புரட்டிப் படுக்க வைத்தாள். அவர், தேடி வந்த பட வாய்ப்புகளையெல்லாம் வேண்டாமென்று சொல்லிவிட்டு, இமை கொட்டாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஒரு நாள் அந்தக் கை நின்றுவிட்டது.

அடுத்த வருஷம் ஒரு படம் வந்தது. சாகக் கிடக்கும் கிழவர் வேஷம். எப்படி நடித்தாலும் டைரக்டருக்குத் திருப்தியில்லை. "சார், ஏதோ ஒண்ணு குறையுது" என்று திரும்பத் திரும்பக் கழுத்தறுத்தார். களைத்துப் போய்க் கண்ணை மூடியவரின் கை, அவரைக் கேட்காமலே, போர்வை நுனியைச் சுருட்டியது. புருவம் உயர்ந்தது. லைட் பிடிக்கிறவர்கள்கூட அழுதுவிட்டார்கள். பாவி மனுஷன், அந்த நிமிஷத்தில் அவருக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்த வேஷத்துக்கு விருதும் கொடுத்தார்கள்.

மகள் தியேட்டரில் பார்த்துவிட்டுப் போன் செய்தாள்.

"அம்மா சாகறதை உட்கார்ந்து படிச்சிட்டிருந்தீங்களாப்பா?"

புருஷனாகப் பார்த்தாரா, நடிகனாகப் பார்த்தாரா? அவருக்கே தெரியவில்லையே! அதுதான் அவர் நெஞ்சைப் பிளந்தது. அதன் பிறகு மகள் அவர் போனை எடுக்கவேயில்லை. ஊரெல்லாம் அவரோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டது. பெற்ற பெண் ஒருத்தி மட்டும் முகம் கொடுக்கவில்லை.

வருஷக்கணக்கில் பொறுத்துப் பார்த்தவர், ஒருநாள் நேரே அவள் வீட்டு வாசலில் போய் நின்றார். மகள் தையல்காரி. முன்னறையில் மேசைமேல் துணியை விரித்து, சாக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

"மன்னிச்சிடும்மா" என்றார். குரல் உடைந்தது. தோள் குலுங்கியது.

அவள் நிமிர்ந்தாள். "இந்த அழுகையை ரெண்டு படத்துல பார்த்துட்டேன்ப்பா."

என்ன செய்வார்? அவரிடம் இருந்ததே அந்த ஒரு அழுகைதான். அதைத்தான் ஊருக்கெல்லாம் காட்டியாயிற்று.

"எனக்கு வேற மாதிரி அழத் தெரியலையேம்மா" என்றார். "நீ இல்லாம முடியலைடா."

மகள் சாக்கட்டியைக் கீழே வைத்தாள். அவர் சட்டைக் காலர் கழுத்தைச் சுற்றித் தொளதொளவென்று கிடந்ததைப் பார்த்தாள். "என்னப்பா இப்படி இளைச்சிட்டீங்க... சாப்பிட்டீங்களா?" அழுகையை அடக்கக் கட்டைவிரலால் கீழுதட்டை அழுத்திக்கொண்டு, தலையை ஒருபக்கமாகச் சாய்த்தாள்.

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கட்டைவிரல் மெல்ல எழுந்து தன் கீழுதட்டை அழுத்தியது. தலை சாய்ந்தது. அதே பக்கம், அதே சாய்வு.

மகள் கண்டுகொண்டாள். அவள் முகம் மாறிய பிறகுதான் அவருக்கே தெரிந்தது. பதறிப்போய்க் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"ஐயோ, இல்லம்மா... நான் வேணும்னு செய்யலைம்மா..."

"போயிடுங்கப்பா" என்றாள் மகள். வெட்டாமல் கிடந்த துணியை அள்ளி, அவர் கண்ணில் படாதபடி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.